மஞ்சள் மூடிக் குப்பி

காரைக்குடி, செக்காலை ரோடு.
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் லேப்.
காலை ஏழு மணிக்கு முதல் ஆள் சேவுகமூர்த்தி,
கல்யாணச் சமையலில் அண்டா தூக்குகிறவன்.
கையை நீட்டினால் போதும்,
நரம்பு தானாக எழுந்து வந்து உட்காரும்.
பதினெட்டு வருஷத்தில்
இப்படியொரு நரம்பை நான் குத்தியதில்லை.

"வெறும் வயிறா?"
"தண்ணி மட்டும்."
கொஞ்சம் யோசித்து, "ஒரு ஸ்கூப் பவுடரும்."
"அது வெறும் வயிறு இல்லை தம்பி."
"அது சாப்பாடும் இல்லையேக்கா."

மறுநாள் வரச்சொன்னேன். வந்தான்.

கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஏழு.
எஸ்.ஜி.பி.டி. தொண்ணூற்று நாலு.
இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் போட்டது மெஷின்.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடி நட்சத்திரம்.
ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது
அவன் முகத்தைப் பார்க்காமல் சில்லறை எண்ணினேன்.

சாயங்காலத்துக்குள் அவன் தெருவில்
கிட்னி போய்விட்டது, கல்லீரல் போய்க்கொண்டிருந்தது.
அம்மா டப்பாவைக் கவிழ்த்தாள்.
இரண்டு கிலோ, நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
சாக்லேட் வாசனையோடு சாக்கடையில்.
எறும்பு வருகிறதா என்று
அரைமணி நேரம் நின்று பார்த்தானாம்.
வரவில்லை.
அது தான் பயமாக இருந்தது என்றான்.

அடைக்கம்மை டாக்டர் பயப்படவில்லை.
கேள்விதான் கேட்டார்:
என்ன தின்கிறாய், எவ்வளவு தூக்குகிறாய்,
ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் என்ன செய்தாய்?
முந்தின நாள் கானாடுகாத்தானில் கல்யாணம்.
இறக்கி ஏற்றியது பதினோரு அண்டா.
பால் பணியாரத்தைத் தொடவில்லை,
சர்க்கரை என்று.
அதற்குப் பிறகு ஜிம். அதற்குப் பிறகு
பையிலிருந்து ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன:
கிரியாட்டின் என்று எழுதிய வெள்ளைப் பொடி,
ஒன்றுமே எழுதாத சீசாவில் கறுப்பு மாத்திரை.

"இந்தப் பொடி தின்றாலே அந்த எண் ஏறும்,
கிட்னி கெடாமலே ஏறும்.
தசை நொந்தாலும் இந்த நொதி ரத்தத்தில் கசியும்.
இது என்ன, கறுப்பு?"
"கொழுப்பைக் கரைக்குமாம், டாக்டர்."
"யார் கொடுத்தது?"
பதில் இல்லை.
சீசாவை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.
"இரண்டு வாரம் எதுவும் தின்னாதே, எதுவும் தூக்காதே."
"பவுடரை விடலாம். அண்டாவை?"

நல்லவேளை, ஆடி பிறந்தது.
முகூர்த்தம் இல்லாத மாதம்.
வேலையின்றி வீட்டிலிருந்து
மொச்சைக் குழம்பும் முட்டையும் சாப்பிட்டு
தன் தோளையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கரைகிறதா என்று.

இரண்டு வாரம் கழித்து
ஒன்று புள்ளி ஒன்று. முப்பத்தாறு.
கிட்னிக்கென்றே தனியாக ஒரு குப்பி மதுரைக்குப் போனது,
அதுவும் சுத்தமாகத் திரும்பியது.
நட்சத்திரம் இல்லாத தாளை
அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
ஏதோ விட்டுப்போனது மாதிரி.

எது குறைத்தது?
நிறுத்திய பொடியா, பூட்டிய மாத்திரையா,
இறக்கி வைத்த அண்டாவா?
எனக்குத் தெரியாது.
ரத்தம் பொய் சொல்லாது.
எந்தக் கேள்விக்கான பதில் என்றுதான்
சொல்லாமல் விட்டுவிடும்.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால்,
அதே ஆடியில் ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம்,
என் கையை நானே கட்டி, நானே குத்தினேன்.
மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது.
வைட்டமின் டி ஒன்பது.
வயது நாற்பத்தேழு.
எலும்பு மெலிகிறது என்றது ஸ்கேன்.
டாக்டர் எழுதியது இரண்டே வரி:
வாரம் ஒரு பாக்கெட், பாலில் கலந்து.
எடை தூக்கவும்.

நான் இதுவரை தூக்கியதெல்லாம்
ஐந்து மில்லி குப்பிகள்.

நூறடி ரோட்டில் தகரக் கூரை ஜிம்.
பதினோரு மணி, பெண்களுக்கான நேரம்.
வாசலில் கணக்கு முடித்துக் கிளம்பிய சேவுகமூர்த்தி
என்னைப் பார்த்துச் சிரிக்காமல் கேட்டான்:
"வெறும் வயிறாக்கா?"
"ரெண்டு இட்லி."
"அப்ப சரி."

இரும்புக்கு வாசனை இருக்கிறது,
ரத்தத்துக்கு இருப்பது போலவே.
எட்டு வரை ஒன்றுமில்லை.
ஒன்பதில் முழங்கை ஆடியது.
பத்தில் உடம்பே நடுங்கியது, பற்கள் உட்பட.
அந்த நடுக்கத்தைப் பிடித்து வைக்க
மஞ்சள், சிவப்பு, ஊதா
எந்த மூடியிலும் எங்களிடம் குப்பி இல்லை.

பதினொன்று.